தனிச்சட்டியை நிறுத்திய பிறகு: சீனி வருத்தக்காரர் இருவர் உள்ள வீட்டில் நான்கரை வருடச் சமையல்

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாமிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இவருக்கு, அதாவது அவரின் மகனான என் கணவருக்கு, 2021 தை மாதம் பிடிபட்டது. வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 188, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஏ1சி 9.1. மிச்சம் நானும் மகளும் மகனும். நான் வேலைக்குப் போகிற ஆள். விடிய ஆறரைக்கு முதல் மத்தியானச் சமையலும் முடிய வேண்டும். இதையெல்லாம் முதலே சொல்வதற்குக் காரணம் உண்டு. நேரம் நிறைய உள்ளவர்களுக்கு எழுதப்பட்ட உணவுத் திட்டங்களை நானும் நிறைய வாசித்திருக்கிறேன். அவை ஒரு கிழமைக்கு மேல் எங்கள் குசினியில் நின்றதில்லை.

முதல் மூன்று மாதம் எல்லாரும் செய்கிற பிழையைத்தான் நானும் செய்தேன். வருத்தக்காரர் இருவருக்கும் தனிச்சட்டி. அவர்களுக்குக் குரக்கன் (கேழ்வரகு) ரொட்டி, பிள்ளைகளுக்கு அரிசிமாப் பிட்டு. அவர்களுக்குப் பாவற்காய், எங்களுக்கு உருளைக்கிழங்குப் பிரட்டல். இரண்டு சமையலால் எனக்கு இடுப்பு விட்டது ஒரு பக்கம். மற்றப் பக்கம், இராத்திரி ஒன்பது மணிக்குக் குசினிக்குள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், பிள்ளைகளின் பிட்டுச் சட்டியோடு மாமி நிற்கிறார். “சட்டி கழுவ முதல் வழிச்சனான் பிள்ளை, வீணாப் போகக் கூடாதெல்லே” என்றார். வழித்தது அரைக் கோப்பை இருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே வீட்டில் ஒரு மேசை விருந்து, ஒரு மேசை ஆசுப்பத்திரி என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அதற்குப் பிறகு தொடங்கியதுதான் இப்போது வரை ஓடுகிற முறை. சமையல் ஒன்று, அளவு ஆளுக்கு ஆள் வேறு. அடிப்படை, அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் தட்டு முறை. 9 அங்குலக் கோப்பையில், அதாவது சாப்பாட்டுத் தட்டில், பாதி மாச்சத்துக் குறைந்த மரக்கறி, கால்வாசி மீனோ முட்டையோ கடலையோ, கால்வாசி சோறு. கேட்க இலகுவாக இருக்கிறது. எங்கள் வீட்டுச் சோற்றுக் கோப்பையை அடிமட்டம் வைத்து அளந்தால் 11 அங்குலம். அதிலும் நாங்கள் பரப்பிச் சாப்பிடுகிற ஆட்கள் இல்லை, குவித்துச் சாப்பிடுகிற ஆட்கள். ஒரு நாள் இவர் வழக்கம் போலப் போட்ட சோற்றைப் பேசாமல் வாங்கித் தராசில் வைத்தேன். 420 கிராம். அவரே நம்பவில்லை. இப்போது அவருக்கு 150 கிராம், மாமிக்கு 110. 150 கிராம் சோற்றில் 40 கிராமுக்குச் சற்றுக் கூட மாச்சத்து இருக்கும். புதுக் கோப்பைகள் வாங்கினேன். சின்னக் கோப்பையில் அதே சோறு நிறையத் தெரிகிறது. கண்ணை ஏமாற்றுகிற வேலைதான், ஆனால் வேலை செய்கிறது.

தட்டு முறையின் குறை யாழ்ப்பாணச் சாப்பாட்டில்தான் தெரியும். சோறு கறிக்குப் பொருந்துகிற அளவுக்கு அது பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் பொருந்தாது. சொதி விட்டுக் குழைத்த பிறகு எது பாதி, எது கால் என்று யார் கண்டது? கூழ் இன்னும் மோசம். ஒடியல்மா, மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை என்று மூன்று மாச்சத்து ஒரே சட்டிக்குள் நீந்தும். நாங்கள் கூழை விடவில்லை. மரவள்ளியையும் பலாக்கொட்டையையும் விட்டோம். மீனையும் நண்டையும் பயித்தங்காயையும் முருங்கையிலையையும் கூட்டினோம். பெரியவர்கள் “இது கூழோ?” என்று கேட்பார்கள், கேட்கட்டும். பருப்புக்கறி எந்தக் காலில் சேரும் என்று இவரோடு ஒரு மாதம் சண்டை. அதில் புரதமும் உண்டு, மாச்சத்தும் உண்டு. மீன் இருக்கிற நாளில் பருப்பு இல்லை என்று முடித்துக்கொண்டோம்.

எனக்கு அதிகம் உதவியது பிட்டில் செய்த ஒரு மாற்றம். இராச்சாப்பாட்டுக்குப் பிட்டு இல்லாமல் எங்கள் வீடு தூங்காது. முன்பு பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி நிறைய மா. இப்போது மா பாதி, மிச்சம் முருங்கையிலை. ஈர்க்கில் இல்லாமல் உருவி, கழுவி, நன்றாக நீர் வடியவிட்டு, வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, குழைத்த மாவோடு பிரட்டி அவிப்பேன். இலையில் தண்ணீர் நின்றால் பிட்டு களியாகிவிடும். முதல் இரண்டு தடவையும் எனக்கு அப்படித்தான் ஆனது, மகன் உருண்டை பிடித்து விளையாடினான். தேங்காய்ப்பூவையும் ஒரு கை குறைத்தேன். நீத்துப்பெட்டி அதே உயரம்தான் நிற்கும், மா மட்டும் பாதி. மீன் குழம்போடு எல்லாருக்கும் அதே பிட்டு. பிள்ளைகளுக்கு இரண்டு அகப்பை கூட.

குரக்கனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குரக்கன் என்றால் கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்று எங்கள் பக்கம் ஒரு நினைப்பு. 100 கிராம் குரக்கன் மாவில் 70 கிராமுக்குக் கிட்ட மாச்சத்து. அரிசிமாவில் 80 கிராமுக்குக் கிட்ட. நார்ச்சத்தும் கல்சியமும் குரக்கனில் கூட, அதை மறுக்கவில்லை. ஆனால் மாமி மூன்று குரக்கன் ரொட்டி சாப்பிட்ட அன்று இரண்டு மணித்தியாலத்தில் 236. இன்னொரு நாள் ஒரு ரொட்டி, சூடை மீன் குழம்பு, பயித்தங்காய் வறை. 168. சீனி அளக்கிற மீற்றருக்குக் குரக்கன் மேல் தனிப் பக்தி ஒன்றும் கிடையாது. சிவப்பரிசிக்கும் இதே கதைதான், பனங்கட்டிக்கும் இதே கதைதான். பனங்கட்டி சீனி இல்லை என்று சொல்கிறவர்கள் ஒருக்கால் குத்திப் பார்க்க வேண்டும்.

குத்திப் பார்ப்பது பற்றி. குளுக்கோமீற்றர் வாங்கும்போது மெசினின் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். காசு போவது இரத்தத் துளியை வைக்கிற ஸ்ட்ரிப்பில். 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் விலை ஏறியபோது தினமும் குத்துவதை விட்டோம். அப்போது பழகியதே இப்போதும்: புதுச் சாப்பாடு ஒன்றைத் தொடங்கினால் மட்டும், முதல் வாயிலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு தரம். இவருக்கு 180க்குக் கீழே நிற்க வேண்டும், சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை. மாமிக்கு வயதைப் பார்த்துக் கிளினிக்கில் கொஞ்சம் தளர்த்தி வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ரிப் போத்தலை அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்து, மூடியையும் சரியாக மூடாமல் விட்டு, பாதிப் போத்தலை நான் பழுதாக்கியிருக்கிறேன். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது.

ஒரு ஆனி மாதம், இவர் மத்தியானம் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சீவிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்து விரலைக் குத்தினார். 287. தான் ஒரு துண்டுதான் தின்றதாகச் சத்தியம் பண்ணினார். நான் நம்பவில்லை, மகள் சிரித்தாள், மாமி தன் மகனுக்காக வாதாடினார். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து மறுபடி குத்தினால் 164. விரலில் ஒட்டியிருந்த மாம்பழச் சாற்றைத்தான் மீற்றர் அளந்திருக்கிறது. அந்த வீண் சண்டைக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இனிச் சொல்வதைச் சமையல் தொடங்க முதலே வாசியுங்கள். சாப்பாட்டைக் குறைக்கப் போகிறீர்கள் என்றால் மருந்து தருகிறவர்களிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். 2021 கந்தசட்டி மூன்றாம் நாள். மாமி வழக்கம் போல விடியக் குளிசை போட்டுவிட்டு விரதம். பதினொரு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, என்னை மகளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மீற்றரில் 58. 70க்குக் கீழே போனாலே உடனே பார்க்க வேண்டிய நிலை. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்க்க 84. அப்புறம் கொஞ்சச் சோறும் தயிரும். மெட்ஃபோமின் குளிசை தனியாக இப்படிச் சீனியை இறக்குவது அரிது. மாமி சேர்த்துப் போடுவது கிளிக்ளசைட், அது சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தன் வேலையைச் செய்யும். அடுத்த கிளினிக்கில் சொன்னதும் அளவை மாற்றித் தந்தார்கள். விரதத்துக்கு முதலே வந்து கேட்கச் சொல்லிப் பேச்சும் விழுந்தது. நியாயமான பேச்சு.

கிழமைத் திட்டம் என்று நான் செய்வது பெரிய வேலை இல்லை. கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கம், சனிக்கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் வந்த பிறகு எழுதுவேன். முதலில் எழுதிவிட்டுச் சந்தைக்குப் போன காலமும் உண்டு. அன்றைக்குப் பார்த்து வெண்டிக்காய் நெருப்பு விலை விற்கும், திட்டம் வாசலிலேயே செத்துவிடும். எது மலிவோ அதில் மூன்று மரக்கறி, இரண்டு இலை. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை என்று இலைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. முருங்கைக்குக் காசும் இல்லை, மதில் எட்டினால் போதும். ஞாயிறு பின்னேரம் கடலையும் பயறும் அவித்து, பங்கு பிரித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுவேன். விடியச் சாப்பாட்டில் கிழமைக்கு இரண்டு நாள் அவித்த கடலை, வெங்காயம், தேங்காய்ச்சொட்டு. மிச்ச நாளில் உழுந்து தூக்கலாகப் போட்ட தோசையோ, அளந்த இடியப்பமோ. பாண் ஒரு நாள், பிள்ளைகளின் பிடிவாதத்துக்கு.

எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் சறுக்குகிற இடம் நல்லூர்த் திருவிழா. 25 நாளும் வீட்டில் மச்சம் கிடையாது. முதல் வருடம் மீன் போன இடத்தை உருளைக்கிழங்கும் பருப்பும் அப்பளமும் பிடித்தன. கொடி இறங்கும்போது இவரின் கணக்கு கொடியை விட உயரத்தில் நின்றது. அடுத்த வருடம் தொடக்கம் சோயாமீற்றைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்து கத்தரிக்காயோடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கடலைக் குழம்பு, கூடவே கட்டித் தயிர். கடலையிலும் மாச்சத்து உண்டு என்பதால் அன்றைக்குச் சோறு ஒரு கரண்டி குறையும். இடையில் ஒரு சொல்: கால் விறைப்பு உள்ளவர்கள் வீதி மணல் சுட முதல் கோயிலுக்குப் போய் வாருங்கள். சுடுவது காலுக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். மாமி இப்போது விடியப் பூசைக்குத்தான் போகிறார்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். இவரின் ஏ1சி ஒரு வருடத்தில் 7.2, பிறகு 6.8. 2023இல் அவருக்கு வேலை வெளியூரில், கடைச் சாப்பாடு, 7.7 ஆனது. திரும்பி வந்து இப்போது 6.9. மெட்ஃபோமினும், இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்கை முனை வரை இருபது நிமிட நடையும் இதில் பங்காளிகள், எல்லாம் என் பிட்டின் பெருமை இல்லை. மாமி 8க்குக் கிட்ட நிற்கிறார், கிளினிக்கில் அதுவே போதும் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது பத்தியச் சாப்பாடு என்றே தெரியாது. சிறுநீரகத்திலும் பிரச்சினை உள்ளவர்கள் என் கடலையையும் கீரையையும் அப்படியே எடுக்க வேண்டாம், அவர்களின் கணக்கு வேறு, வைத்தியரிடம் கேளுங்கள். குறை என்றால் தராசுதான். பற்றரி இறங்க இறங்க நிறையை மாற்றிக் காட்டும். அதோடு கலியாண வீடு. அதற்கு என்னிடம் முறை எதுவும் கிடையாது. சாப்பிட்டுவிட்டு வந்து நடப்பார்கள், அவ்வளவுதான்.

இன்னும் தீராதது பின்னேரத் தேத்தண்ணி. சீனி போடாத தேத்தண்ணிக்கு மாமி சம்மதித்துவிட்டார், ஆனால் கையில் கடிக்கப் பனங்கட்டி வேண்டும். நீண்ட பேச்சுக்குப் பிறகு 6 கிராம் என்று ஒப்பந்தம். நாலு மணிக்கு மகன் பாக்குவெட்டியால் ஒரு துண்டு வெட்டித் தராசில் வைப்பான். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் குனிந்து பார்ப்பார். நேற்றும் “உந்தத் தராசு பிழை மோனை” என்றார். பற்றரியை ஒருக்கால் மாற்றிப் பார்க்க வேண்டும்.