தர்மபுரியில லேப்டாப் சர்வீஸ் கொடுக்கப் போறீங்களா? என் 3,800 ரூபாய் போன கதையைப் படிச்சுட்டுப் போங்க

வயிறு எரியுது, அதான் உடனே எழுதறேன்.

பையன் லேப்டாப்ல வைஃபை விட்டு விட்டு கட் ஆச்சு. அதே வைஃபைல என் போன் நல்லா ஓடுது. பாலக்கோட்டுல இருந்து பஸ் ஏறி, தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் உட்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்தார். பின்மூடியைக் கழட்டிக் காட்டினார். "பாருங்கண்ணா, வைஃபை கார்டு போச்சு. கம்பெனி சென்டர்ல மதர்போர்டையே மாத்தச் சொல்லுவாங்க. நான் ஒரிஜினல் கார்டு போட்டுத் தர்றேன், தம்பி படிக்கிற புள்ள." இப்படிப் பேசினா யாருக்குங்க சந்தேகம் வரும்? 3,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில்லுன்னு வந்தது ஒரு துண்டுச் சீட்டு.

பையன் ராத்திரி கேம் ஆடக்கூடாதுன்னு, லேப்டாப்போட மேக் அட்ரஸை, அதாவது வைஃபை கார்டோட அடையாள நம்பரைப் போட்டு ரூட்டர்ல 10 மணிக்கு மேல தடை வச்சிருக்கேன். மேக் அட்ரஸ் வைஃபை கார்டுக்குக் கார்டு மாறும். புதுக் கார்டுன்னா அந்தத் தடை வேலை செய்யவே கூடாது. ஆனா அன்னிக்கு ராத்திரி 10 மணிக்கு டக்குனு நெட் நின்னுச்சு. ரூட்டர்ல பார்த்தா அதே பழைய நம்பர், ஒரு எழுத்துகூட மாறல. கார்டை மாத்தவே இல்ல!

போன் பண்ணா "மெக்கானிக் லீவு". நேர்ல போனா "பழைய கார்டு குப்பைக்குப் போயிடுச்சுங்க". கடைசியா, "எலக்ட்ரானிக் சாமானுக்கு கேரண்டி கிடையாது சார்". பணம் வாங்கறப்ப அண்ணா, திருப்பிக் கேட்டா சார்.

வைஃபை மறுபடி கட் ஆக ஆரம்பிச்சுது. அக்கா பையன் வந்து விண்டோஸ்ல இருக்கிற டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்ல 'பவரை மிச்சம் பண்ண இதை ஆஃப் பண்ணலாம்'ங்கிற டிக்கை எடுத்துவிட்டான். அப்புறம் கட் ஆகல. இதுக்கா 3,800 ரூபாய்?

கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. வைஃபை டிரைவரை, அதாவது கார்டை இயக்குற சாஃப்ட்வேரை ஒருதடவை எடுத்துட்டு மறுபடி போடுங்க. விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'கெட்மேக்' (getmac)னு இங்கிலீஷ்ல அடிச்சு வர்ற மேக் அட்ரஸை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, கார்டை மாத்தினாங்களான்னு அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கழட்டின பழைய பாகத்தைக் கையில வாங்காம காசு கொடுக்காதீங்க. யூஎஸ்பி வைஃபை அடாப்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் கொடுக்கப் போறேன். துண்டுச் சீட்டும் ரூட்டர் ஸ்கிரீன்ஷாட்டும் பத்திரமா இருக்கு.