ஓசூர் அடிதடி வழக்குகள்: ஹீட் மேப்பா, வார்டு வாரி ரிக்ரஷனா?

ஓசூரின் அடிதடி, கத்திக்குத்து வழக்குகளை வைத்து முதுகலை ஆய்வு எழுதியபோது இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தேன்: சம்பவங்கள் நெருங்கும் இடத்தை வரைபடத்தில் சிவப்பாகக் காட்டும் ஹீட் மேப்; வழக்கு எண்ணிக்கை எந்தக் காரணிகளோடு கூடிக் குறைகிறது என்று கணக்கிடும் ரிக்ரஷன். வார்டு வாரியாக எண்ணி ரிக்ரஷன் போடுவதில்தான் நின்றேன்.

ஹீட் மேப் சுலபம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், சம்பவ இடங்களைப் புள்ளிகளாக ஏற்றினால் சில நிமிடத்தில் சிவப்புத் திட்டுகள் வந்துவிடும். ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எவ்வளவு தூரம் பரவும் என்ற ஆரத்தை 250 மீட்டரிலிருந்து 700 ஆக்கினால் படமே மாறும் என்பது இதைத் தொட்ட எல்லாருக்கும் தெரியும்.

என்னைத் திருப்பியது அந்தப் புள்ளிதான். எப்.ஐ.ஆரில் சம்பவ இடம் என்ற கட்டத்தில் முதலில் கேட்பதே காவல் நிலையத்திலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று. ‘வடகிழக்கே 2 கி.மீ., பெட்டிக்கடை அருகில்’ என்றிருந்தால் புள்ளியை எங்கே வைப்பது? இடம் பிடிபடாத வழக்குகளை ஆரம்பத்தில் பேருந்து நிலையத்தில் வைத்தேன். படத்திலேயே பெரிய சிவப்பு அங்கேதான் எழுந்தது. அதில் பாதி நான் கொட்டியது. வார்டு கணக்கிலும் இந்தப் பிழை முழுக்கப் போகாது. ஆனால் ஒரு தெருப் பெயரோ கோயிலோ கிடைத்தால் வார்டு பிடிபட்டுவிடும். நூறு மீட்டர் தள்ளிப்போனாலும் எண்ணிக்கை பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

45 வார்டுகள். பலவற்றில் பூஜ்யம், சிலவற்றில் கொத்தாக வழக்குகள். எண்ணிக்கைகளுக்கு வழக்கமாகப் போடும் பாய்சான் ரிக்ரஷன், சராசரியும் வேரியன்ஸும் (எண்கள் சிதறும் அளவும்) சமம் என்று கொள்வது; இதற்குப் பொருந்தாது. சிதறல் அதிகமானாலும் தாங்கும் நெகட்டிவ் பைனாமியல் பொருந்தியது. மீதப் பிழைகள் பக்கத்து வார்டுகளில் சேர்ந்து நிற்கின்றனவா என்று, அதை அளக்கும் மோரன் ஐ (Moran's I) என்ற குறியீட்டைப் போட்டும் பார்க்க வேண்டும். 45 வரிசைக்கு நாலு காரணிக்கு மேல் ஏற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இணையத்தில் கிடைக்கும் எப்.ஐ.ஆர்.களை மட்டும் நம்பினால் இன்னொரு குறை: பாலியல் குற்ற எப்.ஐ.ஆர்.கள் அங்கே ஏறாது. 2016 உச்ச நீதிமன்ற உத்தரவிலேயே அந்த விலக்கு உண்டு. அந்தக் குற்றங்கள் இரண்டு முறைக்கும் தெரியாது.

ரிக்ரஷனின் பலவீனம் மக்கள்தொகை. கையில் இருந்தது 2011 கணக்கெடுப்பு. ஓசூர் 2019-இல் மாநகராட்சியாகி வார்டு எல்லைகளும் மாறிவிட்டன. வாக்காளர் பட்டியலை வைத்துச் சமாளித்தேன். சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் அதில் பெரும்பாலும் இல்லை. அவர்கள் அதிகம் தங்கும் வார்டுகளில் மக்கள்தொகைக்கு இத்தனை வழக்கு என்ற விகிதம் தானாக ஏறிவிடுகிறது. அந்த வார்டுகளுக்கு விகிதம் தராமல் வழக்கு எண்ணிக்கையை மட்டும் அச்சிட்டேன். லைன் வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்திருக்க, அவர்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் அங்கே வன்முறை அதிகம் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.