கோத்தகிரியில் பழைய வீட்டு ஒயரிங்: நாமே செய்வதா, ஆளை வைப்பதா?

கோத்தகிரியில் உரிமம் பெற்றுத் தொழில் செய்யும் மின் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் எங்கள் பழைய வீட்டின் ஒயரிங் முழுவதையும் மாற்றும் வேலையைக் கொடுத்திருந்தோம். வேலை முடிந்து ஒரு வடகிழக்குப் பருவமழையையும் ஒரு பனிக்காலத்தையும் வீடு பார்த்துவிட்டதால், அதைப் பற்றி இப்போது எழுதலாம். காணொளிகளைப் பார்த்துத் தாமே ஒயரிங் செய்துகொள்ளும் துணிச்சல் மலையிலும் சிலருக்கு வந்திருக்கிறது. அழைத்த ஆள் சொன்ன நாளில் வருவதில்லை என்ற சலிப்பு அதற்குப் பாதிக் காரணம். அப்படி யோசிப்பவர்களுக்காக என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயர் இழுப்பதும் சுவிட்ச் மாட்டுவதும் கைப்பழக்கம் உள்ள எவருக்கும் வசப்படும். ஆனால் முடித்த வேலை பாதுகாப்பானதா என்று அளக்கும் கருவியும், அது காட்டும் எண்ணைப் புரிந்துகொள்ளும் தேர்ச்சியும் நம்மிடம் இல்லை. எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் கூலி பெரும்பாலும் அதற்குத்தான்.

தகரக் கூரையும் மரப்பலகை மச்சும் கொண்ட அந்த வீட்டில் முதலில் இருந்தது, தேக்குச் சட்டத்தின் மேல் ஒயரை ஓட்டிக் கிளிப் அடித்த பழைய பேட்டன் ஒயரிங். எங்களுக்கு முன் அங்கே இருந்தவர் கீசரும் ரூம் ஹீட்டரும் வாங்கியபோது, விளக்குகளுக்காகப் போட்டிருந்த 1 சதுர மி.மீ. ஒயரிலிருந்தே கிளை பிரித்து இரண்டுக்கும் தாமே இணைப்புக் கொடுத்திருக்கிறார். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் எடுக்கும். அதே அளவுள்ள ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் 17 ஆம்பியரைத் தாண்டிவிடும். ஃபியூஸ் அடிக்கடி போயிருக்க வேண்டும், ஏனெனில் பீங்கான் கட்டையில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகச் செம்பு இழைகளை முறுக்கிச் சுற்றியிருந்தார். மச்சின் மேல் ஏறி அந்த இணைப்பைப் பிரித்தபோது, டேப்பின் அடியில் ஒயரின் மேலுறை பழுப்பேறி, விரல் பட்டவுடன் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. ஒரு சாண் தள்ளி எலி கடித்த தடமும் இருந்தது. இத்தனைக்கும் விளக்குகள் எரிந்தன, வெந்நீர் வந்தது. தம் வேலையில் குறை இருப்பதாக அவர் நினைத்திருக்க வழியே இல்லை.

ஒப்பந்ததாரர் வந்த அன்று எந்த ஒயரையும் உருவவில்லை. மெயினை அணைத்து, பல்புகளைக் கழற்றி, எல்லாச் சாதனங்களின் பிளக்கையும் எடுக்கச் சொல்லிவிட்டு, ஒயரின் காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவியை ஒவ்வொரு லைனிலும் வைத்துப் பார்த்தார். காப்பு, அதாவது மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் மேலுறை, நல்ல நிலையில் இருந்தால் எண் குறைந்தது 1 மெகஓமாவது காட்ட வேண்டும். கூடத்து லைன் அதைத் தாராளமாகத் தாண்டியது. வெளிச்சுவரை ஒட்டி ஓடிய லைனோ 0.2இலேயே நின்றுவிட்டது. “இந்த லைன்ல தண்ணி இறங்குது சார். மழை விட்டா தானா சரியாயிடும், அடுத்த மழைக்குத் திரும்ப வரும்” என்றார். சுவரில் பதித்திருந்த இரும்புப் பெட்டியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. ஒயர் செல்லும் பைப் பெட்டிக்குள் மேலிருந்து இறங்கியிருந்தது. கூரை விளிம்பில் வடியும் நீரும், குளிர்ந்த பைப்புக்குள் மூடுபனி வியர்த்து நிற்கும் நீரும் அதன் வழியே வழிந்து ஒயர்களைத் திருகி இணைக்கும் டெர்மினலில் நேராக விழுந்துகொண்டிருந்தன. திருகுகள் துருவேறிச் சுழல மறுத்தன. புதிய வேலையில் வெளிச்சுவர்ப் பெட்டிகள் அனைத்துக்கும் பைப்பைக் கீழிருந்து ஏற்றி, இரும்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பெட்டி வைத்து, வாயை அடைத்துவிட்டார். சமவெளிக்காரர்கள் எடுக்கும் காணொளிகளில் இந்த ஒரு விஷயத்தை நான் பார்த்ததில்லை. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இதுதான் தலையாயது.

கீசருக்கு மெயின் போர்டிலிருந்தே தனியாக 4 சதுர மி.மீ. ஒயரும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் (அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5 சதுர மி.மீ. ஒயரும், விளக்குகளுக்கு 1.5உம் போடப்பட்டன. இதில் புதுமை ஒன்றுமில்லை. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விஷயத்தில்தான் அவருடைய அனுபவம் தெரிந்தது. எம்.சி.பி. கூடுதல் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் மட்டுமே விழும், அதாவது தானாக அணையும். மனித உடல் வழியே கசியும் சிறு மின்னோட்டம் அதற்குத் தெரியாது. 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. அந்தக் கசிவைக் கண்டு துண்டிக்கும். மலையில் மழை இரவுகளில் ஈரக் கசிவுக்கும் அது விழுவதால், வீடே இருண்டுபோகும் எரிச்சலில் பலர் அதைச் சுற்றி நேர் இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அது பெட்டிக்குள் வெறும் அலங்காரம். எங்கள் வீட்டில் சமையலறை, குளியலறைக்கு ஒன்று, விளக்குகளுக்கு ஒன்று, தோட்ட விளக்குக்கு மட்டும் ஒன்று எனப் பிரித்து வைத்ததால், ஐப்பசி மழையில் தோட்ட விளக்கின் ஆர்.சி.சி.பி. விழுந்த இரவிலும் வீட்டுக்குள் வெளிச்சம் இருந்தது. இப்படிப் பிரிக்கும்போது ஒரு பகுதியின் நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் ஒயர்) மற்றொரு பகுதியோடு எங்கும் கலக்கக் கூடாது. கலந்துவிட்டால் கசிவே இல்லாதபோதும் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும், காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும். சொந்தமாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுவே.

எர்த் குழி தோண்டியபோது இடுப்பளவு ஆழத்திலேயே பாறை தட்டியது. கரியும் உப்பும் கொட்டிக் குழாயை அரைகுறையாக நட்டு மூடிவிடும் வழக்கத்துக்கு அவர் இறங்கவில்லை. சரிவின் கீழ்ப்பக்கம், ஈரம் தங்கும் இடத்தில், இடைவெளி விட்டு இரண்டு எர்த் வைத்து இணைத்தார். மலை மண் எப்போதும் ஈரமாகவே இருக்கும் என்பது தவறான நம்பிக்கை. உறைபனிக் காலம் முடியும்போது மேல்மண் நன்றாகக் காய்ந்து, மின்னோட்டத்துக்கு மண் தரும் தடை (ரெசிஸ்டன்ஸ்) கூடிவிடும். அதனால் பிப்ரவரியில் மறுபடியும் வந்து அளந்தார். எண் கூடியிருந்தாலும் கவலைப்படும் அளவில் இல்லை. இதற்குத் தனிக் காசு கேட்கவில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதை வீட்டுக்காரரே செய்யலாம். மின்னமைப்பின் திறனையோ தன்மையையோ மாற்றும் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். 2010ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2023இல் புதிய விதிகள் வந்தன. கீசருக்குப் புது லைன் இழுப்பது எந்தப் பக்கம் சேரும் என்று விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. ‘நாளைக்கு வந்துடறேன் சார்’ என்ற வாக்கை நம்பி வேறு வேலை எதையும் திட்டமிட முடியவில்லை. சுவரை வெட்டிய இடங்களைக் கொத்தனாரை வைத்து நாங்களேதான் பூசிக்கொண்டோம். அது தம் கணக்கில் வராது என்பதை அவர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். எந்த ஒயர் எங்கே போகிறது என்ற வரைபடம் கேட்டுக் கேட்டுத்தான் கிடைத்தது. கூலியைப் பாயிண்ட் கணக்கில் பேசினார். பொருள்களை அவரே வாங்கினால் விலை சற்றுக் கூடுதலாக இருந்ததால், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஒயரை அவர் கொடுத்த பட்டியலின்படி மேட்டுப்பாளையத்தில் நாங்களே எடுத்துவந்தோம். வீட்டுக்காரர் காசு மிச்சம் பிடிக்கப் பொருத்தமான இடம் அதுதான். அதற்கு அவர் முகம் சுளிக்கவும் இல்லை. மெகர் எண்களையும் எர்த் அளவையும் பில்லின் பின்புறம் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். வேறு யாரை அழைப்பவர்களும் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், மெகரே கொண்டுவராத ஆளை அன்றே அனுப்பிவிடலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் காட்டேஜ் வேலைகளே அவருக்குச் சரியாக இருக்கும். சீசன் ஓய்ந்த ஜூனில் பேசி, ஐப்பசி மழைக்கு முன் முடிக்கும்படி தேதி வாங்குவது நல்லது.