எறும்புப் பூஞ்சையா, ஈப் பூஞ்சையா?

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவியல் சொல்லித் தருகிறேன். பூச்சிகளை ஆட்டிவைக்கும் பூஞ்சைகளைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம்தான். அதில் ஒன்றைத்தான் முழுசாகச் சொல்ல முடியும். எறும்பைப் பிடிக்கும் ஓபியோகார்டிசெப்ஸ், ஈயைப் பிடிக்கும் என்டமாப்தோரா இரண்டையும் வைத்துப் பார்த்து, ஈயைத்தான் எடுத்தேன்.

பிரபலம் என்றால் எறும்புதான். ‘ஜாம்பி எறும்பு’ என்றதும் ஏழாவது படிக்கிற பிள்ளைகூட நிமிர்ந்து உட்காரும். விஷயமும் அப்படி. தாய்லாந்துக் காடுகளில் மர உச்சியில் குடியிருக்கும் கட்டெறும்பு, பூஞ்சை முற்றியதும் கீழே வந்து, தரையிலிருந்து சுமார் 25 செ.மீ. உயரத்தில் ஓர் இலையின் அடிப்பக்க நரம்பைக் கவ்வி, கவ்வியபடியே செத்துப்போகிறது. அந்த உயரத்தின் ஈரப்பதம் பூஞ்சைக்குத் தோதானது. ஜெர்மனியின் மெசலில் கிடைத்த 4.8 கோடி ஆண்டுப் பழைய இலைப் புதைபடிவத்திலேயே இதே மாதிரி கடித்தடங்கள் இருக்கின்றன.

ஈ இதற்குக் குறைந்ததில்லை. பொழுது சாயும் நேரத்தில் உயரமான இடமாகப் பார்த்து ஏறும். வாயை நீட்டும், அது அந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு இறக்கைகள் இரண்டும் மேலே தூக்கி நிற்கும், உயிர் போய்விடும். வயிற்றில் வெள்ளை வெள்ளையாகப் பட்டைகள் வெடித்து, அங்கிருந்து வித்துகள் சுற்றிலும் தெறிக்கும். இறக்கை மறைக்காததால் அவற்றுக்கு வழி தடையில்லை.

ஆனால் இதையெல்லாம் வைத்து நான் முடிவு செய்யவில்லை. எதைச் சொன்னாலும் பிள்ளைகள் கடைசியில் ஒன்றைத்தான் கேட்பார்கள்: “பூஞ்சைக்கு மூளையே கிடையாதே மிஸ், அது எப்படி ஏற வைக்குது?” இந்த ‘எப்படி’க்கு எது பதில் தருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

எறும்பில் பதில் பாதியில் நிற்கிறது. 2017இல் வந்த ஆய்வு, பூஞ்சைச் செல்கள் தசைகளைச் சுற்றி வலையாகப் பின்னிக்கொள்கின்றன, மூளைக்குள் நுழைவதில்லை என்று காட்டியது. அருமையான கண்டுபிடிப்பு. ரசாயனம் சுரந்து மூளையைத் தொடுகிறது என்று கருதுகிறார்கள். இந்த நரம்புதான் என்று விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு அது வரவில்லை.

ஈயில் அந்த அளவுக்கே போய்விட்டார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் கரோலின் எல்யா என்ற ஆய்வாளர், இந்தப் பூஞ்சை பிடித்த பழ ஈக்களைக் கண்டெடுத்து ஆய்வகத்திலேயே நோயைத் தொடர்ந்து வளர்த்தார். 2018இல் கட்டுரை வந்தது. பழ ஈ என்றால் வாழைப்பழம் கொஞ்சம் கனிந்தாலே சமையலறையில் மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. நூறு வருஷமாக மரபணு ஆய்வுக்குப் பழக்கப்பட்டது, எந்த நரம்பை வேண்டுமானாலும் அடக்கிப் பார்க்கலாம். பார்த்தார்கள். 2023இல் வெளியான முடிவுப்படி, சாவதற்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் முன்பே ஈ பரபரவென்று நடக்கத் தொடங்குகிறது, அந்த நடைதான் ஏறுவதில் போய் முடிகிறது. மூளையிலிருந்து, பூச்சியின் வளர்ச்சியை ஆளும் இளமை ஹார்மோன் சுரப்பிக்குப் போகும் சில நரம்புகளை அடக்கினால் அந்தப் பரபரப்பு குறைகிறது. அதோடு விடவில்லை. ஏறிக்கொண்டிருந்த ஈயின் ரத்தத்தை எடுத்து நோயில்லாத ஈக்குள் செலுத்தினார்கள். அதுவும் கூடுதலாக நடமாடியது. ஏற வைக்கும் ஏதோ ஒன்று அந்த ரத்தத்தில் ஓடுகிறது என்பதை எட்டாவது படிக்கிற பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிட நல்ல சோதனை எனக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்கச் சில்வண்டுகளைப் பிடிக்கும் மசோஸ்போரா என்ற பூஞ்சையையும் யோசித்தேன். வயிற்றின் பின்பாதி உதிர்ந்த பிறகும் அந்தச் சில்வண்டு இணை தேடி அலைகிறது. அந்தப் பூஞ்சையில் போதைப்பொருளும் இருப்பதால் போதைப்பொருள், இனச்சேர்க்கை எல்லாம் பேச வேண்டிவரும். பதினொன்றாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

இவற்றில் எதையும் நான் நேரில் கண்டதில்லை. கட்டுரைகளும் படங்களும்தான் என் ஆதாரம். கிண்டிக் காட்டுக்குப் போய் இலையைப் புரட்டிப் பார்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்டால் கூட்டிப்போவேன், கிடைக்கும் என்று வாக்குத் தர மாட்டேன். வகுப்பில் எறும்புக்குப் பத்து நிமிஷம், ஈ ஏறி நிற்கும் படங்களுக்குப் பதினைந்து நிமிஷம், மிச்ச நேரம் முழுக்க அந்த ரத்தச் சோதனைக்கு.