கிருமியை விரட்டும் என்று விற்கப்படும் காற்று சுத்திகரிப்பான்: சமையலறைக்குத் தேவையா?

சமையலறைக் கிருமிகளை ஒழிக்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்பி இதை வாங்காதீர்கள். இதிலுள்ள ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி) தரமானதுதான், 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், பச்சைக் கோழியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்ற கிருமி அதைவிடப் பெரியது, உள்ளே போனால் தப்பாது. ஆனால் உள்ளே போக வேண்டுமே! பச்சைக் கோழியைக் குழாயில் கழுவும்போது தெறிக்கும் துளிகளில் பெரும்பாலானவை நொடியில் சிங்க் ஓரத்திலும், குழாய்த் திருகிலும், பக்கத்தில் நறுக்கி வைத்த வெள்ளரிக்காய் மேலும் விழுந்துவிடும். மூலையில் ஓடும் இயந்திரத்தால் அதை எடுக்கவே முடியாது. கோழியைக் கழுவாமல், உள்பகுதி 74 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேகவைத்தாலே கிருமி செத்துவிடும், அதற்கு ஒரு தெர்மாமீட்டர் போதும். அப்புறம், அடுப்புப் பக்கம் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. தூசிக்கு என்றால் சரி, படுக்கையறையில் வையுங்கள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.