வாடகைக்கு விட நான்கு வழி: கேஎல் வீட்டுக்காரருக்கு எது கட்டுப்படியாகும்?

கோலாலம்பூரின் செத்தாபாக்கில் மூன்று அறை கொண்டோ (அடுக்குமாடி வீடு) ஒன்று, மாத வாடகை 1,800 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். அதை நீங்களே விளம்பரம் போட்டு விடலாம். ஏஜெண்டிடம் கொடுக்கலாம். டெபாசிட் வாங்காத இணையத் தளத்தில் பதியலாம். அறை அறையாகவும் விடலாம். பெரும்பாலோர் கமிஷனைக் கணக்குப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். வாடகை நின்றுபோனால் அதன் பின்னால் ஓடப்போவது யார் என்ற கணக்கு விட்டுப்போகிறது. பெரிய செலவு அங்கேதான் இருக்கிறது.

நீங்களே விடுவது

முடா விளம்பரத் தளம், பேஸ்புக் குழுக்கள், காவலாளி அறை பக்கத்து அறிவிப்புப் பலகை என்று விளம்பரத்துக்குக் காசு அதிகம் ஆகாது. ஆளைச் சரிபார்ப்பதுதான் வேலை. அடையாள அட்டை நகலோடு மூன்று மாதச் சம்பளச் சீட்டு வாங்குவது வழக்கம். ஆனால் சம்பளச் சீட்டைக் கணினி வைத்திருக்கும் யாரும் அடித்துக்கொள்ளலாம். அதனால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கையும் கேளுங்கள். 4,000 வெள்ளி சம்பளம் என்றால் தொழிலாளர் பங்கு 11 விழுக்காடு, அதாவது 440 வெள்ளி அளவில் மாதாமாதம் ஏறியிருக்க வேண்டும். நகல் வேண்டாம், அவர் கைப்பேசியிலேயே செயலியைத் திறந்து காட்டச் சொல்வது நல்லது. சிடிஓஎஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையை அவரே எடுத்துத் தரலாம். அவருடைய சம்மதம் இல்லாமல் நீங்கள் எடுக்க முடியாது. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் வாடகை என்றால் ஆறாவது மாதத்தில் இழுபறி தொடங்கும் என்று எதிர்பார்க்கலாம்.

வெளிநாட்டவர் என்றால் கடப்பிதழோடு பெர்மிட் முடியும் தேதியையும் பாருங்கள், புதுப்பித்த பிறகு மறுபடியும் பாருங்கள். ஆவணமில்லாதவரைத் தங்க அனுமதித்தால் குடிநுழைவுச் சட்டத்தின் 55இ பிரிவு வீட்டுக்காரரையும் பிடிக்கும். அபராதம் ஓர் ஆளுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை, அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இனத்தை வைத்து ஆளைக் கழிக்கும் விளம்பரங்களை நம்மவர்கள் வீடு தேடும்போது பார்த்துப் பார்த்துப் புளித்திருக்கிறோம். வீடு நம் கையில் இருக்கும்போது அதையே செய்வதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை. வாடகை கட்டுவாரா என்பதை இபிஎஃப் கணக்குச் சொல்லும்.

சாவி கொடுக்கும் நாளில் ஒரு பழைய தந்திரம் உண்டு: பணம் அனுப்பியதாகக் கைப்பேசியில் ரசீதைக் காட்டுவார்கள். ரசீதை நம்ப வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே சாவி.

ஏஜெண்ட்

மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகைக்கு ஏஜெண்ட் கேட்கக்கூடிய உச்சம் 1.25 மாத வாடகை. நடப்பில் ஒரு மாதம் வாங்குவார்கள். 8 விழுக்காடு சேவை வரி சேர்ந்தால் நம் கணக்கில் 1,944 வெள்ளி. வலிக்கிற தொகைதான். ஆனால் வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே 1,800 போய்விடும். பராமரிப்புக் கட்டணமும் சிங்கிங் ஃபண்டும் (கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி) அந்த மாதமும் உங்கள் பெயரில்தான் வரும். வேலைக்கு விடுப்பு எடுத்து வீடு காட்ட முடியாதவருக்கும் ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவருக்கும் ஏஜெண்ட் மலிவு.

எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதில் மட்டும் தெளிவு வேண்டும். அந்தக் கமிஷன் ஆள் பிடித்து, ஒப்பந்தம் போட்டு, சாவி கைமாறும் வரைதான். மூன்றாம் மாதம் வாடகை வராவிட்டால் அது உங்கள் தலைவலி. மாதாமாதம் வசூலிப்பதும் பழுது பார்ப்பதும் தனி நிர்வாகச் சேவை, அதற்குத் தனிக் கட்டணம். ஏஜெண்டின் ஆர்இஎன் பதிவு எண்ணை, ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் எல்பிபிஇஎச் வாரியத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். டெபாசிட்டைத் தன் சொந்தக் கணக்கில் போடச் சொல்லும் ஏஜெண்டிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

டெபாசிட் இல்லாத தளங்கள்

வழக்கமான முறையில் குடிவருபவர் இரண்டு மாத டெபாசிட், அரை மாத மின்சார, தண்ணீர் டெபாசிட், முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்து 6,300 வெள்ளி எண்ணி வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டான பிள்ளையிடம் அது இருக்காது. ஸ்பீட்ஹோம் போன்ற தளங்கள் டெபாசிட்டுக்குப் பதில் காப்புறுதியை வைக்கின்றன. அதனால் வீடு சீக்கிரம் போகும். மாட்டிக்கொள்வது சிறு எழுத்தில். எத்தனை மாத பாக்கி வரை தருவார்கள், பாக்கி விழுந்து எத்தனை நாளுக்குள் நீங்கள் புகார் செய்ய வேண்டும், ஆளை வெளியேற்றும் வழக்கு யார் செலவு என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "பாவம், அடுத்த வாரம் தருகிறேன் என்கிறார்" என்று நீங்கள் காத்திருந்து புகார்க் கெடு தாண்டினால், கையில் டெபாசிட்டும் இல்லை, காப்புறுதியும் இல்லை.

அறை அறையாக

டிஏஆர் யுஎம்டி பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கும் செத்தாபாக், வங்சா மாஜு பகுதியில் இதில்தான் மொத்த வசூல் அதிகம். வேலையும் அதிகம். மின்சாரம், தண்ணீர், இணையம் உங்கள் கணக்கு. ஏர்கோனுக்கு (ஏசி) தனி மீட்டர் வைக்காவிட்டால் கூடுதல் வசூலை டிஎன்பி மின்சார பில் தின்றுவிடும். செமஸ்டர் முடியும்போது அறைகள் ஒன்றாகக் காலியாகும். பலகை வைத்துத் தடுத்துக் கூடுதல் அறை உண்டாக்கும் முன் கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

மொத்தமாக எடுத்து உள்வாடகைக்கு விடுகிறேன் என்று வருபவரிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. அவர் வாடகையை நிறுத்தினால், உள்ளே இருக்கும் ஐந்து பேரும் உங்களோடு எந்த ஒப்பந்தமும் செய்யாதவர்கள். நாள் வாடகை ஆசை இருந்தால் முதலில் உங்கள் கொண்டோவின் துணை விதிகளைப் பாருங்கள். அதைத் தடைசெய்ய நிர்வாகக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு என்று மோன்ட் கியாரா வெர்வ் சூட்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2020-இலேயே சொல்லிவிட்டது.

எந்த வழியானாலும் தப்பாதவை

முத்திரை இடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. கையெழுத்தாகி 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஆண்டு வாடகை 2,400 வெள்ளி வரைக்கும் இருந்த விலக்கு 2025-இல் நீங்கியது. இப்போது ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை 3 வெள்ளி. நம் கணக்கில் ஆண்டு வாடகை 21,600, ஆக 87 அல்லது 261 வெள்ளி. இந்தக் காசை மிச்சம் பிடிக்கப்போய் ஆயிரக்கணக்கில் இழப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாடகை வரவில்லை என்று பூட்டை மாற்றுவது குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1950-இன் 7(2) பிரிவுக்கு விரோதம். குடியிருப்பவர் தாமாகப் போகாவிட்டால் நீதிமன்ற ஆணை வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். டெபாசிட் இரண்டே மாதம் தாங்கும். ஆகவே ஏழாம் நாளே எழுத்தில் நினைவூட்டல், பதினான்காம் நாள் நோட்டீஸ். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு லோயரைத் தேடினால் டெபாசிட் அப்போதே தீர்ந்திருக்கும். பாக்கியை மட்டும் வசூலிக்க டிஸ்ட்ரஸ் சட்டம் 1951 உண்டு. 12 மாத பாக்கி வரை வீட்டிலுள்ள சாமானைப் பறிமுதல் செய்து ஏலம் விடலாம். ஆனால் அது ஆளை வெளியேற்றாது, சாமானை முன்பே நகர்த்திவிட்டால் பறிக்கவும் ஒன்றும் இருக்காது. ஆள் போன பிறகு 5,000 வெள்ளிக்குள் பாக்கி நின்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் லோயர் இல்லாமலே வழக்குப் போடலாம்.

கடைசி இரண்டு மாதம் "டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்" என்பது கேஎல் முழுக்கப் பாடும் பல்லவி. அப்படிக் கழித்த பிறகுதான் உடைந்த ஹீட்டரும் 600 வெள்ளி மின்கட்டணமும் கண்ணில் படும். டெபாசிட்டை வாடகையாகக் கழிக்க முடியாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். டிஎன்பி கணக்கை முதல் நாளே குடியிருப்பவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். மீட்டர் எண், சாவி, அக்சஸ் கார்டு எண்ணிக்கை எல்லாவற்றையும் படம் எடுத்து இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஒழுங்காகக் கட்டும் ஆள் கிடைத்துவிட்டால், புதுப்பிக்கும்போது 100 வெள்ளி ஏற்றுவதற்கு முன் பென்சிலை எடுங்கள். ஏற்றினால் ஆண்டுக்கு 1,200 லாபம். அவர் காலி செய்துவிட்டு, வீடு ஒரு மாதம் சும்மா கிடந்து, மறுபடி ஏஜெண்டிடம் போனால் 3,744 வெள்ளி நஷ்டம்.