மும்பைக் கடலில் சின்ன ஜெட் படகு: நாலு சீசன் ஓட்டிய பிறகு

2021 தீபாவளி முடிந்த கையோடு நாலு பேர் பணம் போட்டு இந்தப் படகை வாங்கினோம். செகண்ட் ஹேண்ட்தான். 19 அடி நீளம், 1.8 லிட்டர் எஞ்சின் ஒன்று, 110 லிட்டர் டேங்க். மும்பைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், மாண்ட்வா பக்கம் ஒரு கொட்டகையில் டிரெய்லர்மேல் நிற்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மும்பையின் பாவுச்சா தக்கா படகுத்துறையில் ரோ-ரோ கப்பலில் காரை ஏற்றிக்கொண்டு அங்கே போய்விடுவோம். "படகு ஓட்டுறதுக்குக் கப்பல்ல ஏறிப் போறீங்களா மாப்பிள்ளை?" என்று செம்பூரில் என் மாமியார் இன்றைக்கும் கேட்கிறார். இதுவரை என்னிடம் பதில் இல்லை.

பிராண்டு பெயரை எழுதப் போவதில்லை. கீழே வரும் தொல்லைகளில் முக்கால்வாசி எந்த ஜெட் படகிலும் இருப்பவை. மீதி எங்களால் வந்தவை.

எங்கள் கூட்டத்தில் மூன்று படகுகள். எங்களுடையது ஒன்று, தானேயில் இருக்கும் பல் டாக்டர் ஒருவரின் 19 அடிப் படகு, எல்லோரும் 'சேட்' என்று கூப்பிடும் ஒருவரின் 24 அடி இரட்டை எஞ்சின் படகு. அக்டோபர் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை மாதம் இரண்டு தடவையாவது மாண்ட்வாவிலிருந்து தெற்கே இறங்குவோம். காந்தேரி தீவை வெளிப்பக்கமாகச் சுற்றி, அலிபாக், கோர்லாய் தாண்டி காஷித் வரை. ஏற்பாடெல்லாம் கூடி வந்தால் முருட்-ஜஞ்சிரா வரை. 'திறந்த கடல் பயணம்' என்று வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்வோம். கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டருக்கு மேல் போனதில்லை. ஆனால் 19 அடிப் படகில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஆறு கிலோமீட்டரே போதும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜெட் படகு பிறவியில் ஆற்றுப் பிராணி. நியூசிலாந்தின் பில் ஹாமில்டன் 1950-களில் இதை உருவாக்கியது, பாறையும் கூழாங்கல்லுமாக ஓடும் ஆழமில்லாத ஆறுகளில் எதிர்த்து ஏறுவதற்காக. 1960-ல் அவருடைய படகுகள் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாக எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறின. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லர் கிடையாது. அடிவயிற்றில் ஒரு வாய் தண்ணீரை உறிஞ்சும், உள்ளே சுழலும் இறக்கைச் சக்கரம், அதாவது இம்பெல்லர், அதைத் தள்ளும், பின்னால் ஒரு மூக்கு வழியாகப் பீய்ச்சும். அந்தப் பீய்ச்சலைத் திருப்பினால் படகு திரும்பும். தண்ணீரில் விழுந்தவன் காலை வெட்ட வெளியே பிளேடு இல்லை என்பதால்தான் பிள்ளைகளோடு போகும் எங்களுக்கு இது பிடித்தது.

அந்த நல்ல குணத்தோடு ஒட்டிக்கொண்டே ஒரு கெட்ட குணமும் வரும். பீய்ச்சல் நின்றால் ஸ்டியரிங் இல்லை. முதல் மாதத்தில் படகுத்துறையை நெருங்கும்போது பயந்துபோய் த்ராட்டிலைச் சுத்தமாகக் குறைத்தேன். சக்கரத்தைத் திருப்பினேன், படகு கேட்கவில்லை, நேராகப் போய்க்கொண்டே இருந்தது. மச்சான் காலை நீட்டித் தடுத்ததால் படகுக்குக் கீறல் மட்டும், அவன் கணுக்காலுக்கு மூன்று வாரம் கட்டு. கார் ஓட்டிப் பழகிய கால் 'குறை, குறை' என்று சொல்லும். இங்கே திரும்ப வேண்டுமானால் கொஞ்சம் கொடுக்க வேண்டும். இது உடம்பில் ஏற எனக்கு ஒரு சீசன் ஆனது.

அப்புறம் அந்த வாய்.

மும்பைத் துறைமுகத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பால் கவர், குர்குரே பாக்கெட், பூஜை மாலை கட்டிப் போட்ட பிளாஸ்டிக் பை, சிமெண்ட் சாக்கு, அறுந்த நைலான் கயிறு. வற்றத்தில், அதாவது கடல் நீர் இறங்கும்போது, இதெல்லாம் வரிசை கட்டிக் கடலுக்குள் போகும். புரொப்பெல்லர் படகுக்காரர் அதைத் தாண்டிப் போய்விடுவார், பெரும்பாலும். நம் படகு அதைக் குடிக்கும். ஒரு பால் கவர் வாய்க் கம்பியில் ஒட்டினாலே போதும்: எஞ்சின் சத்தம் எகிறும், வேகம் ஏறாது, படகு நடுங்கும். உடனே நிறுத்தி, எஞ்சின் கிளம்பாமல் தடுக்கச் சாவிக் கயிற்றைக் கழற்றிவிட்டு, பின்பக்க மூடியைத் திறந்து கையை விட வேண்டும். எஞ்சின் ஓடும்போது விரலைக்கூட நீட்டக் கூடாது. முதல் சீசனில் எங்கள் கணக்கில் பதினொரு தடவை. மச்சான் அதற்கு 'பிரசவம்' என்று பெயர் வைத்துவிட்டான்.

பெரிய பிரசவம் 2023 பிப்ரவரியில், காந்தேரிக்கு மேற்கே. ஒரு முழு சாக்கு, கயிற்றோடு உள்ளே போய் இம்பெல்லர் தண்டில் சுற்றிக்கொண்டது. கையால் இழுத்தால் வரவில்லை. அலை பக்கவாட்டில் அடித்து மூன்று பேரில் இரண்டு பேருக்கு வாந்தி. நங்கூரம் போடலாம் என்று பார்த்தால் எங்களிடம் இருந்த கயிறு 15 மீட்டர். ஆழம் காட்டும் கருவி எட்டு மீட்டர் என்றது. ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது கயிறு விட்டால்தான் நங்கூரம் தரையைப் பிடிக்கும். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவன் நான், தோணிக்காரர்கள் கயிற்றை எப்படிச் சுருட்டி வைப்பார்கள் என்று பார்த்தே வளர்ந்தவன். அந்த நேரத்தில் எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி முடியாது. நங்கூரம் தரையில் உரசிக்கொண்டே வர, நாங்கள் தீவுப் பாறையை நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தோம்.

சேட்டின் இரட்டை எஞ்சின் படகு வந்து கயிறு போட்டது. இழுத்த விதம் முக்கியம். ஜெட் படகை வேகமாக இழுத்தால் வாய் வழியாகத் தண்ணீர் தானாக உள்ளே போய் எக்ஸாஸ்ட்டை நிரப்பி, எஞ்சினுக்குள்ளும் ஏறிவிடும். மணிக்கு எட்டு கிலோமீட்டரைத் தாண்டாமல், நடைவேகத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டரை மணி நேரம் இழுத்து வந்தார். வழியில் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து எங்கள் படகில் 50 மீட்டர் நங்கூரக் கயிறு, வளைந்த அலகுள்ள கத்தி ஒன்று, நீளக் கைப்பிடிக் கொக்கி ஒன்று. குப்பை வரிசை கண்ணில் பட்டால் அதை வெட்டிக்கொண்டு போகாமல், அது அறுந்திருக்கும் இடம்வரை ஓரமாகவே ஓட்டிப்போய்க் கடப்போம். கோலி மீனவர்களின் வலை மிதவைகள் தெரிந்தால் இன்னும் தள்ளி. புரொப்பெல்லர் இல்லாததால் மிதவைக் கயிற்றின் மேல் போகலாம் என்று ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். போகாதீர்கள். மாட்டினால் நம் பம்பும் போச்சு, அவருடைய வலையும் போச்சு.

கூட்டமாகப் போவதைப் பற்றி. முதலில் அது ஊர்வலம் மாதிரி இருந்தது. டாக்டர் முன்னால் பறப்பார், நாங்கள் அவர் கிளப்பிய அலையில் குதித்துக்கொண்டு பின்னால். வாய் தண்ணீரைவிட்டு எழும்பும் ஒவ்வொரு தடவையும் பம்ப் காற்றைக் குடிக்கும், எஞ்சின் வெறும் சத்தம் போடும். இப்போது கடைசியில் வருவது எப்போதும் இரட்டை எஞ்சின் படகு. ஒரு வாய் அடைத்தாலும் இன்னொன்றால் வீடு வந்து சேரும். மூன்று படகில் எது மெதுவோ அதன் வேகமே எல்லோருக்கும் வேகம். ஒன்றின் பின்னால் ஒன்று நேராக வராமல், கொஞ்சம் விலகி, 150 மீட்டர் இடைவெளியில். கால் மணிக்கு ஒரு தடவை வி.எச்.எஃப். ரேடியோவில் மூவரும் குரல் கொடுக்க வேண்டும். ஆபத்து அழைப்புக்கான சேனல் 16-ல் காதும் இருக்கும். கைபேசியில் கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554 எல்லோரிடமும் பதிந்திருக்கிறது. 2024 டிசம்பர் 18 அன்று எலிஃபண்டா போன பயணிகள் படகின் மேல் கடற்படையின் விரைவுப் படகு மோதிப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதுவரை 'வேர்க்குது' என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்தவர்கள் எங்களிலும் இருந்தார்கள். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

காற்றைப் பற்றி யாரும் எங்களுக்குச் சரியாகச் சொல்லித்தரவில்லை. கடைசியில் சொன்னவர் மாண்ட்வாவில் ஒரு வயதான கோலி. அவரை எல்லோரும் தண்டேல் காகா என்பார்கள். தண்டேல் என்றால் படகுத் தலைவர். எங்கள் ஊர்த் தோணியிலும் தலைவருக்குத் தண்டல் என்றே பெயர், அதைச் சொன்னதும் மனிதர் நெருக்கமாகிவிட்டார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "காலையில் போ. மதியம் திரும்பாதே." குளிர்காலத்திலும் கோடையிலும் காலையில் தரைக்காற்று மெல்ல இருக்கும், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். பதினொன்று, பன்னிரண்டு ஆனதும் வடமேற்கிலிருந்து கடற்காற்று எழும். முருட்டிலிருந்து திரும்பும்போது நாம் வடக்கே வருகிறோம், அதாவது அதன் முகத்துக்கு நேராக. மாண்ட்வாவை நெருங்கும்போது வற்றம் ஓடினால் இன்னும் மோசம். நீவாடு, அதாவது நீரோட்டம், ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம், அலை குட்டையாக, செங்குத்தாக, நெருக்கி நெருக்கி நிற்கும். ஊரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் வந்தாலே அதிகம். இங்கே பெரிய ஏற்ற நாட்களில் நாலு மீட்டரைத் தாண்டும். அத்தனை தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்குள் வெளியே போயாக வேண்டும் அல்லவா?

அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலிருந்து பஹாமாசின் பிமினி தீவுக்கு, சுமார் 80 கிலோமீட்டர், இதே மாதிரிச் சின்ன ஜெட் படகுகளில் கூட்டமாகக் கடக்கிறார்கள். அங்கே நடுவில் வளைகுடா நீரோட்டம் வடக்கே ஓடுகிறது. வடக்குக் காற்று அடிக்கும் நாளில் யாரும் கிளம்பமாட்டார்கள், காரணம் நான் மேலே சொன்னதேதான். அவர்கள் நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். நாங்கள் திங்கட்கிழமை ஆபீஸ் என்று அவசரப்படுகிறோம்.

இரண்டு சீசன் முதுகை உடைத்துக்கொண்ட பிறகு அன்றே திரும்புவதை விட்டோம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்புவது, காஷித்தில் இரவு தங்குவது, ஞாயிறு காலை ஏழுக்குத் திரும்புவது. ஏழரைக்கு யாராவது வந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவோம். ஒரு தடவை என்னையே விட்டுவிட்டுப் போனார்கள்.

எரிபொருள் கணக்கும் காஷித்தோடு நிற்கச் சொல்கிறது. எங்கள் படகு சீரான வேகத்தில் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர்கூடத் தராது, 1.4 என்று வைத்துக்கொள்கிறோம். மாண்ட்வா-முருட் சுமார் 30 கடல் மைல், வலைகளைச் சுற்றிப் போனால் 60 கிலோமீட்டர். ஒரு வழிக்கே 43 லிட்டர். டேங்கில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு என்பது கடலில் பழைய வழக்கம். 110-ல் மூன்றில் ஒன்று 37-க்குள் அடங்கிவிடும். காஷித் என்றால் ஒரு வழிக்கு 30 லிட்டர், கணக்கு உதைக்காது. முருட்டில் கரையோடு பெட்ரோல் ஏற்பாடு உறுதியாகாமல் போவதில்லை. ஜஞ்சிராக் கோட்டையைப் படகிலிருந்து பார்த்தது நாலு சீசனில் மூன்றே தடவை. பார்த்தவரை, செலவுக்குத் தகும்.

பராமரிப்பு. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் எஞ்சினைக் கழுவ வேண்டும். எங்கள் படகில் எஞ்சினை முதலில் கிளப்பி, பிறகு குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது குழாயை முதலில் மூடி, பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போகும். எங்கள் கொட்டகைப் பையன் ஒருமுறை மாற்றிச் செய்தான், பில் எங்களுக்கு வந்தது. மணலும் இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் தின்னும். ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் எஞ்சினைக் கிளப்பக் கூடாது, தள்ளிக்கொண்டு போக வேண்டும். இது தெரியாமல் கிஹிம் கடற்கரையில் ஷோ காட்டியதன் பலன், இரண்டாம் வருஷமே வளையம் மாற்றினோம். பாகம் வெளிநாட்டிலிருந்து வர ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் ஜனவரி, பிப்ரவரி. வயிறு எரிந்தது.

இப்போது புதுக் கவலை பெட்ரோல். பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. பெரும்பாலான கடல் எஞ்சின் கையேடுகள் பத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்க டேங்கில் கிடந்தால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். அதனால் மே கடைசியில் டேங்கைக் காலி செய்துவிடுகிறோம். ஜூன் 1-லிருந்து ஜூலை 31 வரை மீன்பிடித் தடை, கேட்வே ஆஃப் இந்தியா-மாண்ட்வா படகுகளும் மழைக்காலத்தில் நின்றுவிடும். ஆகஸ்டில் நாரளி பௌர்ணமிக்குக் கோலிகள் தேங்காய் விட்டுக் கடலில் இறங்கும்போது எங்களுக்கும் கை அரிக்கும். ஆனால் அவர்கள் படகு வேறு, நம் படகு வேறு. அக்டோபர் வரை சும்மா இருப்போம்.

வாங்கலாமா என்று கேட்டு மாதம் ஒருவராவது போன் செய்கிறார்கள். மும்பையில் தனியாக ஒரு படகு, ஒற்றை எஞ்சின், அதுவும் ஜெட் என்றால் நான் வேண்டாம் என்பேன். கூட்டம் இருந்தால், அதில் ஒன்றாவது இரட்டை எஞ்சினாக இருந்தால், தாராளமாக. எங்கள் நாலு பங்காளிகளில் இரண்டு பேர் இதை விற்றுவிட்டு இரட்டை எஞ்சினுக்குப் போகலாம் என்கிறார்கள். மச்சான் விற்கவே கூடாது என்கிறான், கணுக்கால் பாசம் போலிருக்கிறது. நான் இன்னும் முடிவு சொல்லவில்லை.

யாராவது செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போனால், மேலே இருக்கும் ஸ்பீக்கரையும் சீட்டையும் அப்புறம் பாருங்கள். டிரெய்லருக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, அந்த வாய்க்குள் பாருங்கள். இம்பெல்லர் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, வளையத்தில் விரலுக்குத் தட்டுப்படும் கோடுகள் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். எங்கள் படகை வாங்கிய அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுப் பார்த்தோம்.